மூடி தனி, அடி தனி

ஆடி 3, வெள்ளி

காலையில் கரண்டு போய்விட்டது. மரம் கடைகிற பட்டறை மோட்டார் ஓடாவிட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் பேச்சு வராது. சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகிவிட்டோம். மகன் அருணாசலம் உளிகளைச் சாணைக்கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தான். மருமகள் செண்பகம் துணி துவைத்தாள். நான் தாழை மடலைக் கிழித்து, முள்ளை நீக்கி அடுக்கிவைத்தேன். இப்போது எனக்கென்று விட்டிருக்கிற வேலை அதுதான்.

தென்காசிக்காரர்கள் ஆவணிக் கல்யாணத்துக்கு முந்நூறு குங்குமச் சிமிழ் கேட்டிருக்கிறார்கள். தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்கவாம். பெண்ணின் தகப்பனார் ஒரு சிமிழை எடுத்துத் திறந்தும் மூடியும் பார்த்தார். "டப்புனு ஒரு சத்தம் வருதே, அது நல்லாருக்கு" என்றார். "அந்தச் சத்தத்துக்குத்தான்யா அம்பாசமுத்திரத்துக்கு வரணும்" என்றேன். அருணாசலம் பேசாதே என்று கண்ணைக் காட்டினான். நான் ஏன் பேசக் கூடாது? இவன் அப்பா கயிற்றால் சுற்றுகிற கடைசலில் வேலை செய்த நாளில் கயிறு இழுத்தவள் நான். அவர் போன பிறகு இவனுக்கு உளி பிடிக்கக் காட்டிக்கொடுத்தவளும் நான்.

அந்தச் சத்தம் சும்மா வருவதில்லை. ஒரு கட்டையைக் கடைசலில் மாட்டி முழுசாக உருட்டுகிறோம். அது சுற்றும்போதே அரக்குக் குச்சியை வைத்து அழுத்தினால் சூட்டில் நிறம் ஏறும். தாழை மடலை வைத்துப் பிடித்தால் கண்ணாடிபோல் மின்னும். பிறகு நடுவில் அறுத்தால் மேலே உள்ளது மூடி, கீழே உள்ளது அடி. வாயைக் குடையும்போது அந்த அடிக்கு அந்த மூடி என்று கைப்பதத்தில்தான் சேர்மானம் வரும். பக்கத்துச் சிமிழின் மூடியை எடுத்துப் போட்டால் இறுகும், இல்லாவிட்டால் லொடலொடவென்று ஆடும். அதனால் எங்கள் பட்டறையில் மூடியை அதன் அடியை விட்டுப் பிரிக்கிற பழக்கமே கிடையாது. காய வைக்கும்போதும் ஜோடி ஜோடியாகத்தான்.

இதையெல்லாம் இன்று மயினிக்கு விளக்கமாகச் சொன்னேன். மயினி என்றால் செண்பகத்தின் அம்மா, கடையத்து சொர்ணம். அவர்களும் என்னை மயினி என்றுதான் கூப்பிடுவார்கள். பங்குனியிலிருந்து இங்கேதான் இருக்கிறார்கள். "நல்லவேளை சொன்னிய மயினி, இனி மறக்க மாட்டேன்" என்றார்கள். மறக்க மாட்டார்களாம். காலையிலிருந்து நான் காப்பி குடித்தேனா என்று மூன்று தடவை கேட்டாயிற்று. மூன்றாவது தடவை கொஞ்சம் உரக்கவே பதில் சொன்னேன்.

ஆடி 7, செவ்வாய்

பால் பொங்கி வழிந்தது. மயினி அடுப்புக்கு முன்னால்தான் நின்றார்கள். எதற்கு நிற்கிறோம் என்று மறந்துபோயிற்றாம்.

அருணாசலம் ஒன்றும் சொல்லவில்லை. மாமியாரிடம் அவன் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவான். செண்பகத்திடம் மட்டும் பட்டறைக்குள் போய்ச் சொன்னான்: "இங்க மோட்டார் இருக்கு, அரக்குக்கு நெருப்பு இருக்கு. அத்தை இங்க இருக்கதுல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா பெருசா ஏதாச்சும் ஆச்சுன்னா சேதுட்ட சொல்லத்தான் வேணும்."

சேது மயினியின் மகன். கோயம்புத்தூரில் இருக்கிறான். புருசன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். அங்கே போனால் மயினி பகலெல்லாம் பூட்டின வீட்டுக்குள்தான் கிடக்க வேண்டும். அது வேண்டாம் என்றுதான் செண்பகம் இங்கே வைத்துக்கொண்டாள்.

சிமிழ்களை முற்றத்தில் பாயை விரித்துக் காய வைக்கிற வேலையை மயினியிடம் கொடுத்திருக்கிறார்கள். குனிந்து குனிந்து ஒவ்வொரு மூடியையும் அதனதன் அடியோடு ஒட்டி வைக்கிறார்கள், பிள்ளைகளைத் தாய்மார் பக்கத்தில் படுக்கப்போடுகிற மாதிரி. "அத்தை வச்சா வரிசை எவ்வளவு அழகா இருக்கு" என்று அருணாசலம் சொன்னான். போன மாதம் என் கை நடுங்கி ஒரே ஒரு சிமிழில் பச்சைக் கோடு வளைந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்குத் தாழை மடல். பால் பொங்கவிட்டவர்களுக்கு முற்றம்.

ஆடி 10, வெள்ளி

ஆடி வெள்ளி என்று மகனும் மருமகளும் கோயிலுக்குப் போனார்கள். சாயங்காலம் சாரல் பிடித்துக்கொண்டது. முற்றத்துச் சிமிழ்களை உள்ளே எடுத்தாகிவிட்டது. புடவை நனைந்து மாற்றினேன். தலைவலி. சீக்கிரம் படுக்கிறேன்.

ஆடி 11, சனி

காலையில் அருணாசலம் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டார்கள்.

பட்டறை மூலையில் இரண்டு பெட்டிகள். நார்ப்பெட்டி நிறைய மூடிகள். பனையோலைப் பெட்டி நிறைய அடிகள். மூடி தனி, அடி தனி. முந்நூறும் கலந்து கிடக்கிறது. எங்களுக்கெல்லாம் முன்னால் எழுந்த மயினி பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஒரு மூடியை ஒவ்வொரு அடியாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு பாத்த வேல இது?" என்று கத்திக்கொண்டே வந்தவன், மயினியைப் பார்த்ததும் குரலை இறக்கிக்கொண்டான். "அத்தை, நீங்களா?"

"மழை வந்துச்சுல்லா மாப்ள..."

"மழை வந்தா எடுக்கத்தான் வேணும். இப்பிடியா, புளியம்பழத்த அள்ளுத மாதிரி?"

மயினி கையிலிருந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நானா?" என்று யாரிடமோ கேட்கிற மாதிரி கேட்டார்கள். பிறகு, "நாந்தானா இருக்கும் மாப்ள. வேற யாரு. எம் புத்திதான் இப்பம் இப்பிடிக் கெடக்கே" என்றார்கள்.

செண்பகம் அப்படியே சுவரோடு உட்கார்ந்துவிட்டாள்.

நான் அடுப்படியில் நின்றேன். தோசை கல்லில் இருந்தது. விட்டால் கருகிவிடும், அதனால் திருப்பிப் போட்டேன். அருணாசலம் வாசல்படியில் வந்து நின்று, "எம்மா, நீ வீட்லதான இருந்த? பாக்கலியா?" என்றான்.

"தலைவலின்னு படுத்துட்டேன்யா."

அதில் பொய் இல்லை. படுத்தேன்தானே.

ஆடி 12, ஞாயிறு

பேத்தி தாரணி பாளையங்கோட்டை விடுதியிலிருந்து வந்தாள். வீட்டில் இருக்கிற எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து மூடி சேர்த்தோம். முதலில் கண்மூடித்தனமாக வைத்து வைத்துப் பார்த்தோம். நான்கு சேருவதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது. எல்லாச் சிமிழுக்கும் ஒரே சிவப்பு, ஒரே மஞ்சள் வளையம். வெளியே பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

தாரணிதான் ஒரு மூடியைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தாள். "ஆச்சி, உள்ள கலர் இல்லல்லா? மரத்தோட வரி தெரியுது பாருங்க. ஒரே கட்டைன்னா அடியிலயும் இதே வரி இருக்கணும்." அது சரிதான். கறுப்பு ஓடியது, கண்ணு விழுந்தது, ஒரு பக்கம் வெளுத்தது என்று உள்வரியை வைத்துப் பிரித்தோம். அதன் பிறகு கொஞ்சம் வேகம் பிடித்தது. எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய யோசனை. இன்று எனக்கு எந்த யோசனையும் ஓடவில்லை.

மயினி எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் தம்ளரை வைக்கும்போது, "என்னால ஒங்களுக்கெல்லாம் இம்புட்டு வேல" என்றார்கள். தாரணிக்குச் சொன்னார்கள். செண்பகத்துக்குச் சொன்னார்கள். என்னிடம் வந்து, "மயினி, நீங்க அம்புட்டு தூரம் விளக்கிச் சொல்லியும் இப்பிடிச் செஞ்சிட்டேனே" என்றார்கள்.

"போட்டும் மயினி, விடுங்க" என்றேன்.

பெருந்தன்மையாகப் பேசினேன் என்று செண்பகம் என்னை நன்றியோடு பார்த்தாள். காப்பியில் சர்க்கரை இல்லை. மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. அப்படியே குடித்துவிட்டேன்.

ஆடி 14, செவ்வாய்

மூடி சேர்ப்பு தொடர்கிறது. சாரலில் நனைந்த சில மூடிகள் ஊதிவிட்டன. அவற்றைத் திரும்பவும் கடைசலில் மாட்டி வாயைச் சீவ வேண்டும்.

அருணாசலம் சேதுவோடு போனில் பேசினான்.

ஆடி 16, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. மிளகாய் வற்றல் போட்டேன்.

ஆடி 18, சனி

பதினெட்டாம் பெருக்கு. ஆற்றுக்குப் போகவில்லை, வீட்டிலேயே சித்திரான்னம் கிண்டினோம். மயினியை அடுப்படிக்குள் விடவில்லை. செண்பகம் மணையைப் போட்டு, "நீ உக்காந்து பாத்துக்கிட்டு மட்டும் இரும்மா" என்றாள். மயினி உட்கார்ந்தார்கள். தேங்காய் மூடி ஒன்று உருண்டு அவர்கள் காலடிக்கு வந்தது. அதை எடுக்கலாமா என்று மகளைப் பார்த்தார்கள். அவள் தலையை ஆட்டின பிறகுதான் எடுத்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் மயினி புளிசாதத்தை எனக்கு இரண்டாம் தடவை வைக்க வந்தபோது போதும் என்று கையைக் குறுக்கே நீட்டிவிட்டேன். "ஒங்களுக்குப் பிடிச்சதுல்லா" என்றார்கள். அது ஞாபகம் இருக்கிறது.

ஆடி 21, செவ்வாய்

செண்பகம் மாவரைக்கும்போது அழுதாள். கிரைண்டர் சத்தத்தில் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருக்கிறாள்.

"என்னட்டி?" என்றேன்.

"சேது அடுத்த ஞாயித்துக்கிழமை வாரானாம் அத்தை, கூட்டிட்டுப் போக. இவுக மேல தப்புச் சொல்ல முடியாது. இன்னைக்கு மூடி, நாளைக்கு ஓடுத மோட்டார்ல அம்மா கைய விட்டுட்டான்னா? ஆனா பூட்டின வீட்ல எங்கம்மா..."

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நான் கேட்டது என்ன தெரியுமா? "மாவு நைசா ஆயிட்டா?" என்று கேட்டேன்.

எனக்குக் கடைசல் தெரியும் என்று இந்தத் தெருவில் தெரியாதவர்கள் இல்லை. மூடி அடி பிரிப்பது எவ்வளவு பெரிய தப்பு என்று மயினிக்குப் பாடம் எடுத்தது நான். தென்காசிக்காரரிடம் வாய் அளந்தது நான். கை நடுங்குகிறது என்று ஒதுக்கிவைத்த மருமகளிடம் போய், புத்தியும் போய்விட்டது என்று நானே எப்படிச் சொல்ல?

எழுதிவிட்டேன். எழுதினது எழுதினதாகவே இருக்கட்டும். அன்று அள்ளிப் போட்டது நான்தான். சாரல் சடசடவென்று வந்தது. நனைந்தால் அரக்கு வெளுத்துவிடும் என்று ஒரே பதற்றம். முந்தானையில் மூடிகளை அள்ளி நார்ப்பெட்டியில் கொட்டினேன். அடிகளை ஓலைப் பெட்டியில். பாதி எடுத்த பிறகே என்ன செய்கிறேன் என்று உறைத்தது. உறைத்த பிறகும் நிறுத்தவில்லை. மிச்சத்தையும் அள்ளினேன்.

ஆடி 26, ஞாயிறு

சேது வந்தான், மயினியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

நல்ல பிள்ளைதான். "எங்களுக்கும் ஆசையா மச்சான், இப்பிடிப் பூட்டிட்டுப் போக? வேற என்ன செய்ய?" என்று அருணாசலத்திடம் சொன்னான். மயினி நாலு புடவையை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்கள். பட்டறைக்குள் போய் மோட்டாரைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அதற்கும் ஒரு தொந்தரவு கொடுத்த மாதிரி நினைப்பு அவர்களுக்கு. அருணாசலம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் கண் கலங்கி நான் பார்த்து வெகு காலம்.

ஆட்டோ ஏறும்போது என் கையைப் பிடித்தார்கள். "மூடியெல்லாம் சேந்துட்டா மயினி?"

"சேந்துட்டு மயினி. ஒண்ணு பாக்கி இல்ல."

"அப்ப சரி" என்றார்கள். ஆட்டோ திரும்பும் வரைக்கும் நின்றேன். அது திரும்பிய பிறகும் நின்றேன். மேட்டுத்தெரு பாக்கியம் அந்த வழியாகப் போனவள், "சம்பந்தியம்மா போறதுக்கு இம்புட்டு வருத்தமா ஒங்களுக்கு? பெரிய மனசு" என்றாள்.

ஆவணி 1, சனி

தென்காசிக்காரர்கள் வந்து சரக்கை எடுத்துப்போனார்கள். ஒவ்வொன்றும் டப் என்று மூடுகிறது. பெண்ணின் தகப்பனார் என்னைத் தேடி அடுப்படி வரைக்கும் வந்து, "நீங்க சொன்ன சத்தம் அப்பிடியே இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

ஆவணி 5, புதன்

மயினி போனில் பேசினார்கள். செண்பகத்திடம் சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். என்னைக் கூப்பிடச் சொன்னார்கள். "மூடியெல்லாம் சேந்துட்டா மயினி?" என்றார்கள். சேர்ந்துவிட்டது என்றேன். கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். பிறகு மறுபடியும் அதே கேள்வி. அன்று மூன்றாம் தடவை காப்பி கேட்டதற்கு நான் கத்தினேன். இதற்குக் கத்த வாய் வரவில்லை.

ஆவணி 9, ஞாயிறு

சேது செண்பகத்திடம் பேசினதை அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"அக்கா, அம்மா மெலிஞ்சு போயிட்டா. மத்தியானச் சாப்பாட்ட ஹாட் பாக்ஸ்ல வச்சிட்டுப் போறோம். சாயங்காலம் வந்து பாத்தா அப்பிடியே இருக்கு. ஏன் சாப்பிடலன்னு கேட்டா, மூடியிருந்துச்சுங்கா. மூடியத் தொறக்க வேண்டியதுதானன்னா, 'நான் மூடியத் தொட மாட்டேன்'ங்கா. தண்ணிப் பானை மூடியக்கூடத் தொடுறது இல்ல. பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கா."

செண்பகம் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கீரையில் தண்டெல்லாம் சட்டியிலும் இலையெல்லாம் குப்பையிலும் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆவணி 10, திங்கள்

சொல்லிவிட்டேன்.

காலையில் பட்டறைக்குள் போனேன். அருணாசலம் நடைவண்டிச் சக்கரம் உருட்டிக்கொண்டிருந்தான், செண்பகம் அரக்குக் குச்சி சூடாக்கிக்கொண்டிருந்தாள். "அன்னைக்குச் சிமிழை அள்ளிக் கலந்தது நாந்தான்" என்றேன். மோட்டார் சத்தத்தில் விழவில்லை. "என்னம்மா?" என்று கேட்டுக்கொண்டே உளியை எடுக்காமல் நின்றான். நிறுத்துடா என்று கையைக் காட்டினேன். சக்கரம் சுற்றி அடங்குகிற வரைக்கும் காத்திருந்து இரண்டாம் தடவையும் சொன்னேன். ஒரு தடவை சொல்வதற்கே எனக்கு இத்தனை நாள் ஆயிற்று.

அவன் சிரித்தான்.

"எம்மா, நீயா? நீ மரத்தூள்லயே பொறந்தவ. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் எந்த மூடி எந்த அடிக்குன்னு சொல்லுவ. நீ போய்ப் பிரிப்பியா?"

"நாந்தாண்டா. சாரல் வந்துட்டு, பதறிட்டேன்."

"அத்தை." செண்பகம் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் விரலெல்லாம் அரக்குச் சூடு. "எனக்குத் தெரியும். சேது நேத்துச் சொன்னதக் கேட்டதுலருந்து ஒங்களுக்கு மனசு ஆறல. எங்கம்மாவத் திரும்பக் கூட்டிட்டு வாரதுக்காகப் பழிய நீங்க ஏத்துக்கிடுதிய. இப்பிடி ஒரு மாமியா யாருக்குக் கெடைக்கும்?"

"ஏத்துக்கிடலட்டி. செஞ்சதத்தான் சொல்லுதேன்."

"சரி அத்தை, சரி" என்றாள், குழந்தையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு புருசனைப் பார்த்தாள். அவன் உளியைக் கீழே வைத்தான். "அத்தையே நாந்தான்னு சொன்னாகள்லா எம்மா. அப்பம் நீ ஏன் பேசாம இருந்த?"

அதற்கும் பேசாமல் இருந்தேன். அதையே அவன் பதிலாக எடுத்துக்கொண்டான்.

"பாத்தியா" என்றான். "நீ போய் அத்தையப் பாத்துட்டு வா. பட்டறைக்குள்ள வராம நீ கவனிச்சுக்கிடுவன்னா, கூட்டிட்டு வந்துரு. ஒன் நல்ல மனசுக்காக நான் ஒத்துக்கிடுதேன்." மோட்டாரைப் போட்டுவிட்டான்.

இத்தனை வருசமாக ஊர் முழுக்க நான் பேசின பெருமை, இன்றைக்கு என் வாயை அடைத்துவிட்டது.

ஆவணி 13, வியாழன். கோயம்புத்தூர்

தாரணி துணைக்கு வந்தாள். பஸ்ஸில் வந்த களைப்பில் சோபாவில் படுத்ததும் தூங்கிவிட்டாள். சேது எங்களை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

மூன்றாம் மாடி. சன்னலுக்கு வெளியே இன்னொரு மாடி. மயினி என்னைப் பார்த்ததும், "காப்பி குடிச்சியளா?" என்றார்கள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சாப்பாட்டு மேசையில் ஹாட் பாக்ஸ் இருந்தது. மயினி அதன் பக்கத்து நாற்காலியில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஆஸ்பத்திரியில் முறை வருகிற வரைக்கும் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

"சாப்பிடலியா மயினி?"

"மூடியிருக்கு."

"தொறந்தாப் போச்சு."

"வேண்டாம் மயினி. நான் தொட்டா எது எதோட சேரும்னு தெரியாமப் போயிரும். பிள்ளைகளுக்குத் தொந்தரவு. அவுக வந்து தொறக்கட்டும்."

நானே திறந்து ஊட்டியிருக்கலாம். அன்றைக்கு மட்டும் ஊட்டலாம். நாளைக்கு யார் இருக்கிறார்கள்? நாற்காலியை அவர்களுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பஸ்ஸில் மனசுக்குள் கோர்த்துவைத்திருந்ததெல்லாம் போய்விட்டது.

"மயினி, நான் சொல்லுதத நல்லாக் கேளுங்க. அன்னைக்கு மூடியக் கலந்தது நீங்க இல்ல. நான். நீங்க ஒண்ணுமே செய்யல. நீங்க எந்த மூடிய வேணும்னாலும் தொடலாம்."

 மயினி சிரித்தார்கள், பல் விழுந்த இடம் தெரிய.

"எனக்காவப் பழிய ஏத்துக்கிடாதிய மயினி. எனக்கு எல்லாம் மறக்கு. ஆனா அது மட்டும் மறக்கல. சாரல் வந்துச்சு. மாப்ளையும் மகளும் கோயிலுக்குப் போயிட்டாக. நான் முந்தானைல அள்ளி அள்ளிப் போடுதேன், மூடிய ஒரு பெட்டில, அடிய ஒரு பெட்டில. நீங்க உள்ள படுத்திருந்தவுக எந்திரிச்சு நடைல வந்து நின்னிய. 'மயினி, மூடி தனியாப் போகுதே, நானும் ஒரு கை பிடிக்கட்டுமா, ஜோடி ஜோடியா எடுப்போம்'னு சொன்னிய. நல்லதத்தான சொன்னிய? எனக்குத்தான் அகம்பாவம். 'எனக்கே சொல்லித்தர வந்துட்டியளா, போய்ப் படுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன்."



நடையில் வந்து நின்றது மயினி. ஒரு கை பிடிக்கட்டுமா என்று கேட்டதும் மயினி. நான் விளக்கிச் சொன்ன பாடத்தை மறக்காமல் எனக்கே திருப்பிச் சொன்னார்கள். போய்ப் படுங்க என்று விரட்டியது நான். அந்தக் கோபத்தில்தான் மிச்சத்தையும் அள்ளினேன். அந்த வார்த்தையை நான் இதுவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. ஆடி 21-ல் எல்லாவற்றையும் எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டு எழுதினபோதும் அதை மட்டும் எழுதவில்லை. மயினி ஒரு சொல் பிசகாமல் வைத்திருக்கிறார்கள், ஆளை மட்டும் மாற்றி.

"அந்தச் சொல்லு ஒங்க மனசுல கெடக்குல்லா மயினி?" என்று என் கையைப் பிடித்தார்கள். "நீங்க அதுக்கப்புறம் எங்கூட முகங்கொடுத்துப் பேசவே இல்ல. பதினெட்டாம் பெருக்குக்குப் புளிசாதங்கூட எங் கையால வாங்கல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். மன்னிச்சிருங்க மயினி."

இல்லை, அதைச் சொன்னது நான் என்று மறுபடியும் தொடங்கினேன். அவர்கள் முகம் கலங்கிப்போயிற்று. தன்னிடம் மிச்சமிருக்கிற ஒரே ஞாபகத்தையும் நான் பிடுங்குகிற மாதிரி, "அப்ப எனக்கு அதுவும் சரியாத் தெரியலியா?" என்றார்கள்.  

நிறுத்திவிட்டேன்.

"நீங்க சொல்லுததுதான் சரி மயினி" என்றேன்.

"மன்னிச்சிட்டியளா?"

இந்த வயது வரைக்கும் எவ்வளவோ பேசியிருக்கிறேன். அந்த ஒரு சொல்லைப் போல என் வாய்க்குப் பாரமானது எதுவும் இல்லை. "மன்னிச்சிட்டேன் மயினி. சாப்பிடுங்க."

மயினி பெருமூச்சு விட்டார்கள். பிறகு, யாரையும் கேட்காமல், கையை நீட்டி ஹாட் பாக்ஸ் மூடியைத் திருகித் திறந்தார்கள். ரசம் சாதம். எனக்கும் ஒரு தட்டில் வைத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன்.

ஆவணி 18, செவ்வாய்

மயினி நேற்று வந்து சேர்ந்தார்கள். பட்டறைக்குள் வரக் கூடாது என்பதற்காக வாசலில் தாரணி ஒரு பழைய நாற்காலியைக் குறுக்கே போட்டிருக்கிறாள். மயினி அதில் உட்கார்ந்து தாழை மடல் கிழிக்கிறார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கிழிக்கிறேன். மூன்று தடவை காப்பி குடித்தேனா என்று கேட்டார்கள். மூன்று தடவையும் குடித்துவிட்டேன் என்று சொன்னேன்.

இன்று மதுரையிலிருந்து கிலுகிலுப்பை கேட்டு வந்தவர்களிடம் செண்பகம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்கம்மா செஞ்ச தப்ப எங்கத்தை தாஞ்செஞ்சதுன்னு சொல்லி, கோயம்புத்தூர் வரைக்கும் போய்க் கூட்டிட்டு வந்தாக." வந்தவர்கள் எழுந்து நின்று என்னைக் கும்பிட்டார்கள். மயினியும் அவர்களோடு சேர்ந்து கும்பிட்டார்கள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் அடக்கம் என்றார்கள்.